மறுகா

கல்முனைப் பஸ் கோட்டைக்கல்லாற்றுப் பாலம் ஏறும் சத்தத்தோடு
என் வீட்டில் காலை முடியும்.
கவிஷ்னா பள்ளிக்கூடத்தில். சின்னவன் பாலர் பாடசாலையில்.
பதினொன்றரைக்கு அவனை ஏற்ற வேண்டும்.
இடையில் கிடக்கிற மூன்று மணித்தியாலத்தை
ஊறவைத்த உடுப்பும் பாதி நறுக்கிய பயற்றங்காயும்
பார்த்துக்கொண்டிருக்கத்தான்
நான் களவெடுக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு பெடியன்.
பத்திரிகையின் புது ஆசிரியராம்.
"அக்கா, எண்ணூறு சொல். வியாழனுக்குள்ள.
உங்கட பக்கம்தானே, பாடும் மீன், எருமைத் தயிர், அப்படி ஏதாவது.
காசு குடுப்பம். கொஞ்சம்தான்."

ஒரு பெட்டி பால்மாவுக்கும் காணாத அந்தக் கொஞ்சத்தை
இரவு முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
எட்டு வருசமாக நான் எழுதியதெல்லாம் சும்மா.
மகளுக்குச் சின்னமுத்து என்று வகுப்பாசிரியைக்கு,
குழாயில் காற்றுத்தான் வருகிறது என்று நீர் வழங்கல் சபைக்கு,
பிறகு, பக்கத்து வீட்டு நல்லரெத்தினம் ஐயாவின் மரண அறிவித்தல்.
அதில் மட்டும் ஒரு வரி கூட்டி எழுதினேன்:
'மழை வருமுன் அயலார் கொடியில் கிடந்த உடுப்பையும்
எடுத்து உள்ளே வைத்தவர்.'
அவருடைய மகன் வெட்டச் சொன்னார்.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசாம்.

சொல்லுக்குக் காசு என்றால்
எனக்கு ஒரு சொல் வரவேண்டிக் கிடக்கிறது.

முதன்முதல் அச்சில் வந்த என் கட்டுரையில்
ஒரு நண்டுக்காரி சொன்னதைச் சொன்னபடி வைத்தேன்:
"கடல் வந்த. மறுகா போன.
மறுகா நாங்கதான் திரும்பி வரல்ல."
பழைய ஆசிரியரின் சிவப்புப் பேனா
இரண்டு மறுகாவையும் அடித்து
'பின்னர்' என்று போட்டது.
"இங்க யாருக்குப் பிள்ளை விளங்கும்?"
எனக்கு அப்போது இருபத்திமூன்று.
தலையாட்டினேன். பெயர் வந்தது: ஞா. உதயரூபி.
வெட்டியெடுத்துப் பிளாஸ்ரிக் உறையில் போட்டேன்.
போன மாரி ஈரத்தில் பார்த்தால்
பெயர் தாளில் இல்லை, உறையில் ஒட்டியிருந்தது.

மறுகா, வீடு முழுக்க அந்தச் சொல்தான்.
எழுத வேணாமெண்டு ஒருத்தரும் சொல்லல்ல.
புள்ள முதல்ல பால்குடி மறக்கட்டும், மறுகா எழுதலாம்.
வெள்ளம் வடியட்டும், மறுகா.
இவர் கட்டாரால வரட்டும், மறுகா.
அவர் வந்தார். திரும்பப் போனார்.
எல்லாரையும் விடக் கூடுதலாகச் சொன்னது நான்தான்.

இன்று மடிக்கணினியைத் துடைத்துத் திறந்தேன்.
'ழ' இருந்த விசையைச் சின்னவன் எப்போதோ பிடுங்கிவிட்டான்.
அடியில் இருக்கிற ரப்பர் மொட்டில் நகத்தால் குத்தினால்தான் விழும்.
மழை. கிழமை. வாழைச்சேனை.
எழுத்து.
ஒவ்வொன்றுக்கும் விரல் நுனியில் ஒரு சின்ன நோ.

பத்தரை. மீன் வரவில்லை, தயிரும் உறையவில்லை.
பத்து ஐம்பதுக்கு ஒரு வரி:
'பாலத்தில் நிற்கிற அந்த மனிதரிடம் தூண்டில் இல்லை.'

ஒரு மாதமாகக் காண்கிறேன்.
இரண்டு பக்கமும் நரம்பு வீசுகிறவர்கள்,
நடுவில் வெறுங்கையோடு அவர்.
தண்ணீரைப் பார்ப்பதில்லை.
பஸ்களைப் பார்க்கிறார், ஒவ்வொரு யன்னலாக.
அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.
எண்ணூறில் ஆறு சொல்.

சைக்கிள். வெயில். பின் கரியரில் சின்னவன்,
என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு.
வரியை அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மறுகா?"

"தெரியாது மனே."

"மறுகா?"

எங்கள் ஒழுங்கை வந்தது.
கைபிடி திரும்பவில்லை.
முதுகில் ஒரு தட்டு:
"அம்மா, வீடு போயிட்டு."